முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டு நின்ற பெண்: ஒரு நிகழ்வு ஆய்வு

இலங்கையின் மலையக நகரங்களில் துணிக்கடை, மருந்தகம், ஹோட்டல், தனியார் வகுப்பு நிலையம் என்று வேலை பார்க்கும் பிள்ளைகள் உதவி கேட்டு வரும்போது, பெரும்பாலும் தங்களுக்கு எதிரான தீர்ப்பைத் தாங்களே எழுதிக் கையில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். “சொல்லாமல் நின்றுவிட்டேன். இனி எனக்கு ஒன்றும் கிடைக்காது.” முதலாளி அப்படித்தான் சொல்லியிருப்பார். உடன் வேலை செய்தவர்களும் அதையே சொல்லியிருப்பார்கள். இந்த நம்பிக்கை எத்தனை பேரின் உழைப்பைத் தின்றிருக்கிறது என்று நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. அதனால்தான் ஒரே ஒரு விவகாரத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இருக்கிறது. ஆளும் கடையும் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சட்டம் தொடர்பான எதையும் மாற்றவில்லை.

நடந்தது

அவர் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) பிறந்து வளர்ந்தவர். சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்த பின் 2018 ஜூன் மாதம் ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் சேலைப் பகுதி, பிறகு காசாளர். 2024 நவம்பரில் அவருடைய மாதச் சம்பளம் 42,000 ரூபாய்.

அந்த ஆண்டு தீபாவளி ஒக்டோபர் 31ஆம் திகதி வந்தது. அதற்கு முந்தைய வாரங்களில் கடையில் வாராந்த விடுமுறை நிறுத்தப்பட்டது. இரவு ஒன்பது, பத்து மணி வரை வேலை. கடைசி பஸ் போய்விடும் என்பதால் நான்கு பெண்கள் சேர்ந்து முச்சக்கரவண்டி பிடித்து வீடு திரும்பியிருக்கிறார்கள். மேலதிக நேரத்துக்குக் கிடைத்தது தீபாவளிக்கு ஒரு சேலை. பண்டிகை முடிந்து நவம்பர் நடுப்பகுதியில் தாய்க்கு நோய் கடுமையாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு நாள் லீவு கேட்டார். கிடைக்கவில்லை. வாடிக்கையாளர்கள் முன்னிலையில் ஏச்சுத்தான் கிடைத்தது. நவம்பர் 19ஆம் திகதி இரவு பணப்பெட்டியை எண்ணிக் கணக்கு முடித்து, சாவியைச் சக ஊழியர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் காலை தொலைபேசியில் முதலாளியிடம் சொன்னார்: “இனி நான் வேலைக்கு வரமாட்டேன்.” கடிதம் கொடுக்கவில்லை.

கடை அதன்பின் மௌனமாக இருந்தது. நவம்பரில் வேலை செய்த 19 நாட்களின் சம்பளம் வரவில்லை. சேரும்போது வாங்கி வைத்த சாதாரண தரச் சான்றிதழின் மூலப்பிரதியைக் கேட்டபோது, “கணக்குத் தீர்த்துவிட்டு வாங்கிக்கொள்” என்றார்கள். ஜனவரியில் பதிவுத் தபாலில் சட்டத்தரணி ஒருவரின் கோரிக்கைக் கடிதம் வந்தது.

தோட்டத்தில் தபால் எப்படி வருகிறது என்பது மலையகத்தாருக்குத் தெரியும். லயத்து வீட்டுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. பதினான்கு நாள் அவகாசம் கொடுத்த அந்தக் கடிதம் அவர் கைக்கு வந்தபோது ஒன்பது நாள் கழிந்திருந்தது. அதற்குள், “இன்னார் மகளுக்குக் கோர்ட் கடிதம் வந்திருக்கிறது” என்ற செய்தி லயம் முழுக்கப் பரவிவிட்டது.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அதன் சாரம்: அவர் தன் பதவியை வெறிதாக்கிச் (அதாவது வேலையைத் தானே கைவிட்டுச்) சென்றுவிட்டார், பண்டிகைக் காலத்தில் கைவிட்டுப் போனதற்காக மூன்று மாதச் சம்பளமான 126,000 ரூபாயைச் செலுத்த வேண்டும், இருப்பில் குறைந்த துணிகளுக்காக இன்னொரு 75,000 ரூபாய் தர வேண்டும், தவறினால் அவர் மீதும், நியமனக் கடிதத்தில் பிணையாளராகக் கையெழுத்திட்ட தந்தை மீதும் வழக்குத் தொடரப்படும். அதே வாரத்தில் பொலிஸ் நிலையத்திலிருந்தும் ஓர் அழைப்பு வந்தது. பொருள் காணாமற்போனதாக முறைப்பாடு பதிவாகியிருக்கிறது, வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்றார்கள்.

தந்தையின் கேள்வி

மகளை அழைத்து வந்தவர் தந்தைதான். தோட்டத்தில் மலைவேலை செய்து முடித்தவர். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி பணத்தைப் பற்றியது இல்லை. “ஐயா, பிள்ளையை உள்ளே போடுவார்களா?” என்றார். இரண்டாவது கேள்வி: “நான் கையெழுத்து வைத்திருக்கிறேன். வீட்டைப் பறிப்பார்களா?”

இவற்றை அறியாமை என்று நான் ஒதுக்கமாட்டேன். அவருடைய முப்பாட்டன் காலத்தில் முதற்கேள்விக்குப் பதில் “ஆம்” என்பதுதான். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின் கீழ், அறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போவது குற்றம். அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. தோட்டத்தை விட்டு ஓடிய தொழிலாளி மீது பிடியாணை பிறப்பித்தார்கள். அதனுடன் துண்டு முறையும் சேர்ந்துகொண்டது. கடன் தொகையை எழுதிய துண்டு இல்லாமல் ஒருவர் அடுத்த தோட்டத்தில் பேர் பதிய முடியாது. அடுத்த தோட்டத்துத் துரை (நிர்வாகி) அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆள் அசையலாம். கடனும் ஆளோடு கூடவே போகும். 1921இல்தான் துண்டு முறை சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. வீடு பற்றிய பயத்துக்கும் காரணம் இருக்கிறது. லயத்து வீடு வேலையோடு கட்டிப்போடப்பட்ட வீடு. வேலை போனால் கூரையும் போகும் என்று தலைமுறை தலைமுறையாகக் கண்டவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

இன்றைய நிலை வேறு. தனியார் துறையில் ஒருவர் முன்னறிவித்தல் கொடுக்காமல் வேலையை விடுவது ஒப்பந்த மீறல் மட்டுமே. அது சிவில் விவகாரம். அதற்காக யாரையும் கைது செய்ய முடியாது. திரும்பி வந்து வேலை செய்யும்படி எந்த நீதிமன்றமும் கட்டளையிடாது. கட்டாய உழைப்புக்கு எதிரான சர்வதேசத் தொழில் அமைப்பின் 29ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1950இலேயே ஏற்றுக்கொண்டது. கடனைக் காட்டி ஒருவரை வேலையில் கட்டிவைப்பது 2006ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். துணிக்கடையின் கடனுக்கும் தோட்டத்து வீட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இதைத் தந்தைக்கு விளங்கவைக்க ஒரு பிற்பகல் முழுவதும் ஆனது. அது வீண்நேரம் என்று நான் எண்ணவில்லை. பயம் இறங்காத வரை யாரும் ஆவணங்களைத் தேடமாட்டார்கள்.

கடன் எவ்வளவு?

அடுத்து மகளிடம் நேர்மையாகச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நியமனக் கடிதத்தில் இரு தரப்பும் ஒரு மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு ஈடாக ஒரு மாதச் சம்பளம் செலுத்த வேண்டும் என்று இருந்தது. அவர் கையெழுத்திட்டிருந்தார். ஆகவே 42,000 ரூபாய் கேட்க முதலாளிக்கு உரிமை உண்டு. எழுத்து மூலமான ஒப்பந்தம் என்பதால், காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி ஆறு ஆண்டுகள் வரை அவர் வழக்குத் தொடரலாம். “கண்டுகொள்ளாமல் விட்டால் மறந்துவிடுவார்கள்” என்று சிலர் கொடுக்கும் ஆலோசனை ஆபத்தானது.

ஆனால் மூன்று மாதச் சம்பளம் எங்கிருந்து வந்தது? ஒப்பந்தத்தில் இல்லை. ஒரு மாதத்துக்கு மேலாக நட்டம் ஏற்பட்டிருந்தால் அதை முதலாளி நிரூபிக்க வேண்டும். அவர் நின்றது தீபாவளி முடிந்து ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குப் பிறகு. கடிதத்தை மறுபடி வாசித்தபோதுதான் அந்தத் தொகை எதற்குப் பொருந்துகிறது என்பது தெரிந்தது. ஆறு முழு ஆண்டுகள் வேலை செய்தவருக்குப் பணிக்கொடை (சேவைக்காலப் பணம்) ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம்: 21,000 ரூபாய் வீதம் ஆறு ஆண்டுகளுக்கு 126,000 ரூபாய். கடை கேட்ட தொகை அவருக்குச் சேர வேண்டிய சேவைக்காலப் பணத்தைக் கடைசி ரூபாய் வரை அழித்துவிடும்.

தந்தையின் பிணையையும் பார்த்தோம். பிணையாளரின் பொறுப்பு மூலக் கடனைத் தாண்டாது. மகள் ஒரு மாதச் சம்பளம் கொடுத்துவிட்டால் தந்தை கொடுக்க எதுவும் மிச்சமில்லை. அவர் கையெழுத்திட்ட நியமனக் கடிதம் சிங்களத்தில் அச்சிடப்பட்டிருந்தது. தந்தைக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

பணிக்கொடையை யாரால் பறிக்க முடியும்?

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம், சேவை எப்படி முடிந்தது என்று பார்ப்பதில்லை. முதலாளி நிறுத்தினாலும், ஊழியர் தானாக விலகினாலும், ஓய்வு பெற்றாலும், இறந்தாலும், ஐந்து ஆண்டுகள் நிறைந்திருந்தால் பணிக்கொடை உண்டு. முன்னறிவித்தல் கொடுக்கவில்லை என்பது அதைப் பறிப்பதற்குக் காரணம் ஆகாது. மோசடி, பணக் கையாடல், சொத்துக்கு வேண்டுமென்றே சேதம், பொருள் இழப்பு ஆகிய காரணங்களுக்காக ஒருவரின் சேவை முடிவுறுத்தப்பட்டால் மட்டும், அந்த இழப்பின் அளவுக்குப் பணிக்கொடையை இழக்க நேரும். கடை “இருப்பில் குறைவு” என்று முறைப்பாடு கொடுத்ததன் நோக்கம் இந்த விதியிலிருந்தே விளங்கும். அதனால் அந்தக் குற்றச்சாட்டை முதலில் எதிர்கொண்டோம்.

நல்லவேளையாக, அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வோர் இரவும் பணப்பெட்டியை எண்ணி, தாளில் எழுதி, அதைப் படமெடுத்து முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். நவம்பர் 19ஆம் திகதி இரவு அனுப்பிய படமும் அவர் தொலைபேசியில் இருந்தது. ஐயாயிரம் ரூபாய்த் தாள் எத்தனை, ஆயிரம் எத்தனை, சில்லறை எவ்வளவு, அட்டை மூலம் வந்த விற்பனை எவ்வளவு என்று சின்ன எழுத்தில் வரிசையாக எழுதியிருந்தார். கீழே முதலாளி அனுப்பிய கட்டைவிரல் அடையாளம். அவர் காசாளர். துணி இருப்பு அவர் பொறுப்பில் இல்லை. நவம்பரில் இருப்புக் கணக்கெடுப்பு நடந்ததாக ஒரு தாள்கூடக் கடையால் காட்ட முடியவில்லை. பொலிஸார் அவருடைய வாக்குமூலத்தைப் பதிந்துகொண்டு, இது கொடுக்கல் வாங்கல் விவகாரம், மத்தியஸ்த சபைக்குப் போங்கள் என்றார்கள்.

இரண்டாவது தடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. நியமனக் கடிதத்தின் திகதி 2019 டிசம்பர் 16. அந்தத் திகதியிலிருந்து எண்ணினால் 2024 நவம்பருக்கு நான்கு ஆண்டும் பதினொரு மாதமும்தான். ஐந்து ஆண்டு நிறையவில்லை, பணிக்கொடையே இல்லை என்றாகிவிடும். ஊழியர் சேமலாப நிதிப் பங்களிப்பும் 2020 ஜனவரியில்தான் தொடங்கியிருந்தது. அதற்கு முந்தைய காலம் “பயிற்சிக் காலம்” என்று கடையின் கணக்காளர் சொன்னார்.

கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வேலையில் சேரும்போதே நியமன விவரங்களை எழுத்தில் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. பிந்திக் கொடுத்த கடிதம் சேவைக்காலத்தைச் சுருக்காது. சேமலாப நிதியும் அப்படியே. பயிற்சி, தற்காலிகம், நன்னடத்தைக் காலம் என்று என்ன பெயர் வைத்தாலும், முதல் நாளிலிருந்து ஊழியரின் பங்கு 8 வீதமும் முதலாளியின் பங்கு 12 வீதமும் செலுத்தப்பட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி தனியாக 3 வீதம் செலுத்த வேண்டும். சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், 2018 ஜூனில் அவர் அந்தக் கடையில் வேலை செய்தார் என்பதை நிரூபிக்க வேண்டியிருந்தது.

நிரூபித்தது அவருடைய தாய். அந்தக் காலத்தில் சம்பளம் பழுப்பு நிற உறையில் காசாகக் கொடுக்கப்பட்டது. மகளின் முதற்சம்பளத்திலிருந்து ஒவ்வோர் உறையையும் அந்த அம்மா பழைய பிஸ்கட் டின் ஒன்றில் சேர்த்து வைத்திருந்தார். சாமிப் படத்தின் முன் வைத்து எடுத்த உறைகள், சில இடங்களில் திருநீறும் குங்குமமும் ஒட்டியிருந்தன. ஒவ்வோர் உறையிலும் கடையின் இறப்பர் முத்திரை, அவருடைய பெயர், மாதம், தொகை. ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தது: “20,000, சே.நி. 1,600 கழிவு, கையில் 18,400.” ஆகவே 2018 ஜூனிலேயே அவர் ஊழியர். கடை அவருடைய சம்பளத்திலிருந்து சேமலாப நிதிக்கு (சே.நி.) என்று 8 வீதத்தைக் கழித்தும் இருக்கிறது. கழித்த பணம் நிதிக்குப் போகவில்லை. 2018 ஜூன் முதல் 2019 டிசம்பர் வரை 19 மாதங்கள். இரு பங்கும் சேர்த்து மாதம் 4,000 ரூபாய் வீதம் 76,000 ரூபாய்.

தொழில் அலுவலகத்தில்

பெப்ரவரியில் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுத்தோம். சம்பளம், பணிக்கொடை, சேமலாப நிதி மூன்றையும் ஒரே முறைப்பாட்டில் தனித்தனியாக எழுதினோம். தொழில் உத்தியோகத்தர் கடையின் வரவுப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் கொண்டுவரச் சொன்னார். முதல் விசாரணைக்குக் கடை வரவில்லை. இரண்டாவதுக்கு முதலாளியும் கணக்காளரும் வந்தார்கள்.

முதலாளி அங்கே ஒரு புதிய வாதம் வைத்தார்: தன் கடையில் பதினொரு பேர்தான் வேலை செய்கிறார்கள், பணிக்கொடைச் சட்டம் பதினைந்து பேருக்கு மேல்தான். அவர் சொன்னதில் பாதி சரி. சேவை முடிவதற்கு முந்தைய 12 மாதங்களில் ஏதாவது ஒரு நாளில் பதினைந்து அல்லது அதற்கு மேற்பட்டோரை வேலைக்கு வைத்திருந்த முதலாளிக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தும். ஆனால் எண்ணப்பட வேண்டியது அந்த முதலாளியிடம் வேலை செய்யும் எல்லோரையும். தலவாக்கலையில் அதே வியாபாரப் பதிவில் நடக்கும் கிளையில் ஆறு பேர் இருந்தார்கள். மொத்தம் பதினேழு. பதினைந்துக்குக் குறைந்திருந்தாலும் வழி அடைபட்டிருக்காது. அப்போது கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் தொழில் நியாய சபையிடம் பணிக்கொடை கேட்டிருக்கலாம். இதைச் சின்னக் கடைகளில் வேலை செய்பவர்கள் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

“பதவியை வெறிதாக்கினார்” என்ற வாதமும் வந்தது. இலங்கை நீதிமன்றங்கள் இதில் இரண்டு விடயங்களைப் பார்க்கின்றன: ஆள் வேலைக்கு வராதது ஒன்று, வேலையைக் கைவிடும் எண்ணம் மற்றது. நெல்சன் டி சில்வா எதிர் அரச பொறியியல் கூட்டுத்தாபனம் என்ற வழக்கு (1996) இதற்கு வழமையாக எடுத்துக்காட்டப்படுவது. நோயில் படுத்தவரையும் லீவு கேட்டுக் கிடைக்காதவரையும் “பதவி வெறிதாக்கியவர்” என்று முத்திரை குத்தி வெளியேற்றும் முதலாளிகளுக்கு எதிராக அந்த இரண்டாவது அம்சம் பெரிய பாதுகாப்பு. நம் விவகாரத்தில் அது தேவைப்படவில்லை. அவர் தொலைபேசியில் வரமாட்டேன் என்றே சொல்லியிருந்தார். எண்ணம் வெளிப்படையானது, மறைக்க எதுவும் இல்லை. பதவியை வெறிதாக்கியதாகவே வைத்துக்கொண்டாலும், ஈட்டிய சம்பளத்தையோ பணிக்கொடையையோ அது தொடாது. உத்தியோகத்தர் இதை முதலாளியிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

உறைகளை மேசையில் வைத்தபோது கணக்காளர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். கையெழுத்து அவருடையதே. அதன்பிறகு “பயிற்சிக் காலம்” என்ற பேச்சு எழவில்லை. சேமலாப நிதி நிலுவைக்கு மேலதிகத் தண்டப்பணமும் சேரும், 12 மாதத்துக்கு மேல் தாமதமானால் அது 50 வீதம் வரை போகும் என்று உத்தியோகத்தர் சொன்னார். பணிக்கொடையைச் சேவை முடிந்து 30 நாட்களுக்குள் கொடுத்திருக்க வேண்டும். தவறினால் தாமதத்தைப் பொறுத்து 10 முதல் 30 வீதம் வரை கூடுதலாகச் செலுத்த வேண்டும். கொடுக்க மறுத்தால் திணைக்களமே நீதவான் நீதிமன்றம் மூலம் அறவிடும். நவம்பர் சம்பளம் 26,600 ரூபாய், பணிக்கொடை 126,000 ரூபாயும் தாமதத்துக்கான தொகையும் என்று கடை எழுத்தில் ஒப்புக்கொண்டது. சேமலாப நிதி நிலுவை அவருடைய கணக்குக்குப் போகும். பெண்களுக்கு 50 வயதில், அல்லது திருமணம் போன்ற சட்டம் அனுமதிக்கும் காரணங்களில்தான் அதை எடுக்கலாம். எப்படி வேலையை விட்டாலும் அந்தப் பணம் முதலாளி கைக்குத் திரும்பாது.

கழித்துக் கொடுக்கிறேன் என்று முதலாளி கேட்டார். ஒரு மாதச் சம்பளத்தைப் பணிக்கொடையிலிருந்து பிடித்துக்கொள்ளலாமா என்பது அவருடைய கேள்வி. நாங்கள் சம்மதிக்கவில்லை. பணிக்கொடையில் கைவைக்கச் சட்டம் சொல்லும் காரணங்கள் வேறு. அவருக்குச் சேர வேண்டியது முதலில் முழுதாக வரட்டும், அவர் கொடுக்க வேண்டியதைத் தனியாகப் பேசுவோம் என்றோம்.

மத்தியஸ்த சபையில்

அந்தத் தனிப் பேச்சு மத்தியஸ்த சபையில் நடந்தது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்தச் சபைகள் பெரும்பாலும் வாரஇறுதியில் பாடசாலைக் கட்டிடங்களில் கூடும். மூன்று மத்தியஸ்தர்கள்: ஆளுக்கொருவரை இரு தரப்பும் தெரிவு செய்ய, அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவு செய்வார்கள். சட்டத்தரணிகள் ஆஜராக முடியாது. தொகை சிறிதாக இருக்கும் பண வழக்குகள் இங்கே வந்து, இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் பெற்ற பின்தான் நீதிமன்றம் போக முடியும். ஆங்கிலக் கடிதத்துக்கு நடுங்கியவர்கள் அங்கே தமிழில் தங்கள் வாயாலேயே பேசினார்கள்.

அங்கே போவதற்கு முன் நாங்கள் இன்னொரு வழியையும் யோசித்தோம். வாரத்துக்கு 45 மணிநேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறை கொடுக்க வேண்டும். இரண்டையும் கடை மீறியிருந்தது. முதலாளியே ஒப்பந்தத்தின் அடிப்படையை உடைத்துவிட்டார், அதனால்தான் ஊழியர் வெளியேற வேண்டி வந்தது, முன்னறிவித்தல் கடனே இல்லை என்று வாதிடலாம். தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், காலமும் மிச்சம் இருந்தது. வாதிட்டிருக்க வேண்டும் என்றே நான் விரும்பினேன். ஆனால் கடையில் இரவு எத்தனை மணிக்கு வேலை முடிந்தது என்று காட்டும் பதிவு அவரிடம் இல்லை. உடன் வேலை செய்தவர்கள் இன்னும் அங்கேயே வேலை செய்கிறார்கள், சாட்சி சொல்லத் தயாராக இல்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவருக்குக் கண்டியில் புதிய வேலை கிடைத்திருந்தது. ஒவ்வொரு தவணைக்கும் லீவு எடுத்து ஹட்டனுக்கு வர முடியாது. “நான் கையெழுத்திட்டது ஒரு மாதத்துக்கு. அதைக் கொடுத்துவிடுகிறேன்” என்றார். முடிவு அவருடையது, நேர்மையான முடிவு.

சபையில் கடை கேட்டது 201,000 ரூபாய். முடிந்தது 42,000 ரூபாயில், மூன்று தவணைகளில். இருப்புக் குறைவு பற்றிய கோரிக்கை கைவிடப்பட்டது. சான்றிதழ் அன்றே திருப்பிக் கொடுக்கப்பட்டது. அந்தச் சான்றிதழ் விடயத்தில் ஒன்று சொல்ல வேண்டும்: ஊழியரின் மூலச் சான்றிதழைப் பிடித்து வைத்துக் கணக்குத் தீர்க்க முதலாளிக்கு எந்த உரிமையும் இல்லை. பரீட்சைத் திணைக்களத்திலிருந்து பெறுபேற்றுச் சான்றிதழை மறுபடி பெறலாம் என்பது தெரிந்தால் அந்த மிரட்டலின் பலமும் போய்விடும். அவர் கண்டி வேலைக்கு அப்படிப் பெற்றதைத்தான் கொடுத்திருந்தார். உடன்படிக்கையில் தந்தையின் பிணை முடிவுற்றது என்று ஒரு தனி வரி சேர்க்கும்படி கேட்டோம். சேர்த்தார்கள். தமிழில் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகே அவர் கையெழுத்திட்டார்.

தோட்டத்து வேலையாக இருந்தால்

இதே கேள்வியைத் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்பவர்களும் கேட்கிறார்கள். கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போன மகன், மகள் செக்ரோலில் (தோட்டத்தின் பெயர்ப் பதிவேட்டில்) இருந்து எடுபட்டபின், பல வருடச் சேவைக்காலப் பணத்தைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். நாட்சம்பளக்காரர்களுக்குக் கணக்கு வேறு: ஆண்டுக்கு 14 நாட் சம்பளம். ஆனால் உரிமை ஒன்றுதான். ஐந்து ஆண்டு நிறைந்திருந்தால், சொல்லாமல் போனவருக்கும் அது சேர வேண்டிய பணம். சேமலாப நிதியின் பி அட்டையை (உறுப்பினர் அட்டையை) தேடி எடுங்கள், பெயரும் அடையாள அட்டை இலக்கமும் அதில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பெயரில் ஓரெழுத்து மாறியதால் ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

திடீரென்று நிற்க வேண்டிய நிலை யாருக்கும் வரலாம். நோய், அவமானம், பாதுகாப்பு இல்லாமை என்று காரணம் எதுவானாலும், அன்றைக்கே அரைப்பக்கத்தில் தமிழில் ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுப் போங்கள். சேர்ந்த திகதி, கடைசியாக வேலை செய்த திகதி, நிற்பதற்கான காரணம், ஒப்படைத்த பொருட்கள், வர வேண்டிய சம்பளம் ஆகியவற்றை எழுதுங்கள். நம் விவகாரத்தில் அந்த அரைப்பக்கம் இருந்திருந்தால், களவுக் குற்றச்சாட்டு பொலிஸ் வரை போயிருக்காது. வாரக்கணக்கில் உழைத்த மேலதிக நேரத்துக்கான பணத்தைக் கேட்கவும் கொஞ்சம் ஆதாரம் கிடைத்திருக்கும், ஏனென்றால் காரணம் அன்றைக்கே எழுத்தில் இருந்திருக்கும். சாவியையும் பணத்தையும் கையெழுத்து வாங்காமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். வாங்க முடியாவிட்டால் படம் எடுங்கள். சட்டத்தரணியின் கடிதம் வந்தால், கொடுத்த அவகாசத்துக்குள் பதில் அனுப்புங்கள். தோட்ட முகவரி கொடுத்தவர்கள் தபாலைத் தேடிப்போய்க் கேட்க வேண்டும்.

முறைப்பாடு கொடுத்தவருக்கு அவருடைய பணம் வந்துவிட்டது. ஆனால் 2018, 2019இல் உறையில் “சே.நி. கழிவு” என்று எழுதிச் சம்பளம் வாங்கியவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. அதே காலத்தில் சேர்ந்த வேறு ஊழியர்களின் பங்களிப்பையும் பார்க்க வேண்டும் என்று தொழில் உத்தியோகத்தர் பழைய சம்பளப் பதிவேடுகளைக் கேட்டிருக்கிறார். அவர்களில் இரண்டு பேர் தங்கள் வீட்டிலும் உறைகள் இருக்கின்றனவா என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த விசாரணை இன்னும் நடக்கிறது.